இராட்சத மூங்கில்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போய்வந்தவர்கள், மகாவலிக் கரையில் வானளாவ நிற்கும் அந்த மூங்கிற் புதர்களைப் பார்த்துவிட்டு, "இதை எங்கள் வளவிலும் வைக்கலாமா?" என்று கேட்பது வழக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஆற்றோரக் காணி ஒன்றில் இம்மூங்கிலைப் பல ஆண்டுகளாக வளர்த்து, வெட்டி, பதப்படுத்திப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், என்னிடம் வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் கூறும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இராட்சத மூங்கில் என்பது எது? நம் பகுதியில் நிற்கும் மற்ற மூங்கில்களிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

தாவரவியலில் 'டென்ட்ரோகலாமஸ் ஜைகான்டியஸ்' என்று அழைக்கப்படுவதே இந்த இனம். 1868இல் வில்லியம் மன்றோ அந்தப் பெயரில் இதை விவரித்தார். மியன்மாரும் அதை அடுத்துள்ள தாய்லாந்து, சீனத்தின் யுன்னான் பகுதிகளும் இதன் தாயகம். இலங்கைக்கு இது கொண்டுவரப்பட்ட இனமேயன்றி இயற்கையாக இங்கே தோன்றியதன்று. சிங்களத்தில் இதை 'யோத உண' என்பார்கள்.

நன்கு வளர்ந்த புதரில் ஒரு தடி 80 முதல் 100 அடி வரை உயரும். அடித்தடியின் குறுக்களவு 7 முதல் 10 அங்குலம் வரை இருக்கும். மிகச் சிறந்த மண்ணில் ஓர் அடியை எட்டுவதும் உண்டு. அடிப்பகுதியில் சுவரின் தடிப்பு ஏறத்தாழ ஓர் அங்குலம். நமது ஆற்றோரங்களில் பரவலாக நிற்கும் பச்சை மூங்கிலும், வளவுகளில் அழகுக்காக வைக்கப்படும் மஞ்சள் மூங்கிலும் இதில் பாதிப் பருமனுக்கு மேல் வருவது அரிது. காட்டோரத்து முள் மூங்கிலோ கிளையெல்லாம் முள்ளாகப் பின்னிக்கிடக்கும். இராட்சத மூங்கிலுக்கு முள் இல்லை. இளந்தடியின் மேல் திருநீறு பூசியது போன்ற வெண்பொடி படிந்திருப்பதையும், அடிக்கணுக்களில் சிறு வேர்கள் வளையமாகத் துருத்திக்கொண்டிருப்பதையும் வைத்து இதை எளிதாக அடையாளம் காணலாம்.

இது மரமா, புல்லா?

புல்தான். நெல்லும் கரும்பும் இறுங்கும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ அதே குடும்பம். வெளிப்புறத்தில் வைரம் கொண்டது புல், உட்புறத்தில் வைரம் கொண்டது மரம் என்று தொல்காப்பியம் வகுத்துள்ளது. மூங்கிலை வெட்டிப் பார்த்தவருக்கு அந்த வகுப்பின் நுட்பம் விளங்கும். தோலை ஒட்டிய பகுதியில் நார் நெருங்கிக் கத்தி வழுக்கும் அளவுக்கு இறுகியிருக்கும். உள்ளே போகப் போக மென்மையாகும். தச்சு வேலை செய்பவர்கள் இதை மறந்து, வழவழப்புக்காக வெளித்தோலைச் சீவி எறிவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சீவி எறிவது தடியின் மிக வலிமையான பகுதியை.

ஒரே நாளில் ஓர் அடி வளரும் என்று சொல்வது உண்மையா?

உண்மை. நல்ல மழைக்காலத்தில், வளர்ந்த புதரிலிருந்து வரும் முளை ஒரே நாளில் ஓர் அடிக்கு மேலும் உயரக்கூடும். இந்த வளர்ச்சியை முறையாக அளந்து ஆராய்ந்த இடங்களில் நம் நாடும் ஒன்று என்பது எனக்குப் பெருமை தரும் செய்தி. ஆர். எச். லொக் என்பவர் பேராதனைப் பூங்காவின் இராட்சத மூங்கில்களை அளந்து, வளர்ச்சி வேகத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1904இல் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

முளை மண்ணைப் பிளந்து வெளியே வரும்போதே தடியின் பருமன் முடிவாகிவிடுகிறது. பின்னர் அது உயருமேயன்றிப் பருக்காது. மூன்று நான்கு மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும்; ஆனால் இறுகி வைரம் பாய்வதற்கு மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் ஆகும். உயரத்தைப் பார்த்து மயங்கி ஓராண்டுத் தடியை வெட்டுபவர்கள் நீரும் சர்க்கரையும் நிறைந்த மென்தண்டு ஒன்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

எழுவான்கரை மணலில் இதை வளர்க்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை என்று கடலுக்கும் வாவிக்கும் இடையே நீளும் மணற்பட்டியில் நீர் நிற்காது. தோண்டினால் பல இடங்களில் உவர் கலந்திருக்கும். இந்த மூங்கிலுக்கு வேண்டியது வண்டல் படிந்த, ஆழமான, ஆண்டு முழுவதும் ஈரம் வற்றாத, ஆனால் வேர் அழுகும்படி நீர் தேங்காத மண். உப்பேறிய மண்ணில் இலை நுனி கருகி, தடி விரல் பருமனைத் தாண்டாமல் புதர் குறுகிவிடும். எழுவான்கரையில் மூங்கில் வைத்தே தீரவேண்டும் என்பவர்கள் சாதாரணப் பச்சை மூங்கிலை வைப்பது நல்லது.

படுவான்கரை வேறு. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களிலிருந்து வரும் வாய்க்கால்களின் ஓரமும், முந்தனை ஆற்றின் வண்டல் மேடுகளும் இதற்கு உகந்தவை. அம்பாறை மாவட்டத்தில் கல்லோயாவின் நீர் ஓடும் கால்வாய்களை அண்டிய மேட்டுநிலங்களையும், மகாஓயாப் பக்கத்து ஆற்றோரங்களையும் சொல்லலாம். வயல் வரம்பில் மட்டும் வைக்க வேண்டாம். அதன் நிழல் விழும் இடமெல்லாம் வேளாண்மை பாதிக்கப்படும்.

நமது பகுதியின் உண்மையான இடர் மழையின் பங்கீடுதான். மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதன் பின் நீண்ட கோடை. அதற்குள்ளே ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் கச்சான் காற்று. இந்த மூங்கில் தாயகத்திலும் பேராதனையிலும் அனுபவிக்கும் ஈரப்பதனை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆகவே 100 அடித் தடியை எதிர்பார்த்து நடுபவர் ஏமாறுவார். தண்ணீர் கிட்டும் இடத்தில் 60, 70 அடித் தடி கிடைத்தால் அதுவே நல்ல விளைச்சல் என்று நான் கருதுகிறேன்.

புயலைத் தாங்குமா?

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவில் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். முதிர்ந்த தடி வளைந்து கொடுக்கும். ஆனால் நம் பகுதியில் முளை கிளம்புவது மாரி மழையோடுதான். புயலுக்குரிய மாதங்களும் அவையே. அந்த நேரத்தில் பாதி உயர்ந்து, கிளை விடாமல், நுனி தளிராக நிற்கும் புதுத்தடிகள் கடுங்காற்றில் முறியும். புதரின் நடுவிலே போதிய முதிர்தடிகளை விட்டுவைத்தால் அவை இளந்தடிகளைத் தாங்கி நிற்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டி விற்பவரின் புதர்தான் முதலில் சேதமாகும்.

எப்படி நடுவது?

பூத்து விதை கிடைப்பது மிக அரிது என்பதால் தடித்துண்டு, கிழங்கு ஆகிய இரண்டையுமே நம்ப வேண்டும். கிழங்கோடு பெயர்ப்பது உறுதியான வழிதான், ஆனால் இந்த இனத்தின் கிழங்கு பெருங்கல்லைப் போன்ற பாரம். அதைத் தோண்டி எடுப்பதில் தாய்ப்புதரும் காயப்படும்.

நான் பின்பற்றுவது தடித்துண்டு முறை. இரண்டு, மூன்று வயதுத் தடியிலிருந்து, உயிருள்ள அரும்பு கொண்ட இரு கணுக்கள் வரும்படி துண்டை அறுத்து, இரண்டு கணுவுக்கும் இடையே ஒரு துளையிட்டு, அதனுள் தண்ணீர் நிரப்பி, துளையை மூடிக் கட்டி, துளை மேற்புறம் இருக்கும்படி நாற்றுமேடையில் கிடையாகப் புதைக்க வேண்டும். மேலே மெல்லிய மண்ணும் வைக்கோலும் போதும். எல்லாத் துண்டும் பிழைக்காது. வேர்விட்டவற்றை அடுத்த மாரி தொடங்கும்போது, இரண்டரை அடி ஆழ அகலமுள்ள குழியில், மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நட வேண்டும். புதருக்குப் புதர் 25 அடியாவது இடைவெளி விடுங்கள். முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். உதிரும் இலைகளை வாரிக் கொளுத்தாமல் அடியிலேயே விட்டுவிடுவது ஈரத்தையும் காக்கும், உரமும் ஆகும்.

மூங்கில் வைத்தால் யானை வருமா?

வரும். இலையும் தளிரும் முளையும் யானைக்கு விருப்பமான உணவு. யானை வரும் வழியை அண்டிய ஊர்களில், அதுவும் குடியிருப்புக்கு அருகில், இதை நட நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. தென்னம்பிள்ளைகளையும் வயலையும் காக்கவே இரவிரவாகப் பரணில் விழித்திருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு கவர்ச்சிப் பொருளை வளவிலே நட்டுக் கொடுப்பது நல்ல செயலாகாது. ஆற்றோரம், ஊர் நடுவே, யானைவேலிக்கு உள்ளே உள்ள காணி என்றால் யோசிக்கலாம்.

வீட்டுக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் வைக்கலாமா?

30 அடிக்கு அப்பால் வையுங்கள். இது புதராகத் திரளும் இனம். நிலத்தடியில் ஓடிப்போய் அயல் வளவில் முளைக்கும் இனமன்று. ஆனாலும் புதரின் அடி ஆண்டுதோறும் அகலும்; பச்சைத் தடி விழுந்தால் ஓட்டுக்கூரை தாங்காது; உதிரும் இலை கிணற்றை நிறைக்கும். இளம் முளையை மூடியிருக்கும் மடலில் நுண்ணிய கபில நிறச் சுணைகள் உண்டு. குழந்தைகளின் கையில் பட்டால் கடுமையாக அரிக்கும்.

எத்தனையாம் ஆண்டு, எந்த மாதத்தில் வெட்ட வேண்டும்?

நட்டு ஆறேழு ஆண்டுகள் புதரைத் தொடாமல் விட வேண்டும். அதன் பின் மூன்று வயது கடந்த தடிகளை மட்டும் வெட்டலாம். முதலாண்டுத் தடியில் வெண்பொடியும் அடிமடல்களும் இருக்கும். பின்னர் பொடி உதிர்ந்து கடும்பச்சை ஆகும். மூன்று, நான்கு வயதில் நிறம் மங்கிச் சாம்பல் புள்ளிகளாகப் பாசி படியும். கத்தியின் பின்புறத்தால் தட்டினால் தெளிந்த, இறுகிய ஓசை கேட்கும். ஒவ்வோர் ஆண்டும் புதுத்தடிகளில் ஆண்டைச் சாயத்தால் எழுதி வைத்துவிட்டால் ஊகமே தேவையில்லை.

பருவத்தைப் பற்றி நான் பட்டறிந்து சொல்கிறேன். முதன்முதலில் நல்ல தடிகளாகப் பார்த்து ஆவணிக் கோடையில் வெட்டி, மாட்டுப்பட்டிக்குக் கொட்டில் போட்டேன். வெட்ட வசதியான காலம், ஈரமில்லை, ஏற்றிப் போக வழியும் காய்ந்திருந்தது. ஆறு மாதத்துக்குள் கொட்டிலின் கீழே மாவு கொட்டியது போல வெள்ளைத் தூள். உளுவண்டு துளைத்த தடிகளைக் கையால் நொறுக்க முடிந்தது. அடுத்த மாரியில் முளைகளை எழுப்புவதற்காகப் புதர் தன் மாச்சத்து முழுவதையும் கோடையின் முடிவில் தடிகளிலேயே சேமித்து வைத்திருக்கும். வண்டு தேடி வருவது அந்த மாச்சத்தைத்தான். மாரி ஓய்ந்து, புதுத்தடிகள் உயர்ந்து, சேமிப்பு செலவழிந்த பின், தை மாதக் கடைசியிலும் மாசியிலும் வெட்டுவதே நமக்கு ஏற்றது. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்ற பெரியவர்களின் வழக்கத்தை நானும் பின்பற்றுகிறேன்; ஆனால் ஆவணித் தேய்பிறையை விட மாசி வளர்பிறை மேலானது.

முளை கிளம்பும் மாதங்களில் புதருக்குள் இறங்கவே கூடாது. வெட்டும்போது நிலத்துக்கு மேலுள்ள முதலாம் அல்லது இரண்டாம் கணுவை ஒட்டி, அதற்குச் சற்று மேலே, அறுவாளால் அறுக்க வேண்டும். கணுவுக்கு மேல் கிண்ணம் போல் விட்டுவிட்டால் மழைநீர் தேங்கி அடிக்கட்டை அழுகும். டெங்கு நுளம்பும் அதிலே பெருகும். ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். முதிர்ந்தவை நடுவிலும் இளையவை விளிம்பிலும் இருப்பதால், ஒரு பக்கம் வாசல் போலத் திறந்து உள்ளே போய் வெட்டுவது வசதி.

வெட்டிய தடியை எப்படிப் பதப்படுத்துவது?

பதப்படுத்தாத தடியை மண்ணில் நட்டால் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள், கூரைக்குக் கீழே வைத்தால் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் நிற்கும். பதப்படுத்தி, நனையாமல் வைத்தால் பத்து, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் பயன்தரும்.

செலவில்லாத வழி நீரில் ஊறப்போடுவது. கிடுகு பின்ன ஓலையை ஊறவைப்பது நமக்குப் பழகிய வேலைதானே. மூங்கிலுக்கு நாள் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். பச்சைத் தடியின் உட்தடுப்புகளைத் துளைத்து, கல் ஏற்றி முழுவதும் அமிழும்படி ஓடும் நீரிலோ குளத்திலோ நான்கு முதல் பன்னிரண்டு கிழமைகள் வைத்தால் சர்க்கரையும் மாச்சத்தும் கரைந்து போகும். நாற்றமெடுக்கும் என்பதால் குளிக்கும் துறையில் போடக் கூடாது. இம்முறை உளுவண்டைப் பெரிதும் குறைக்கும், ஆனால் கறையானைத் தடுக்காது.

உறுதியான வழி போராக்ஸ் (வெண்காரம்) கரைசல். 100 லீற்றர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம் கரைத்து, நீண்ட இரும்புக் கம்பியால் கணுத்தடுப்புகளை எல்லாம் குத்தித் துளைத்த தடிகளைத் தொட்டியில் ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். வெட்டிய சில நாட்களுக்குள், தடி பச்சையாக இருக்கும்போதே செய்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். நிலத்தைத் தோண்டி, தடித்த பொலித்தீன் விரித்தாலே தொட்டி ஆகிவிடும். கையுறை அணியுங்கள். மிஞ்சிய கரைசலை அடுத்த தொகுதிக்கு வையுங்கள்; போரன் மிகுந்தால் பயிர் கருகும் என்பதால் அதை வாய்க்காலிலோ வாவியிலோ ஊற்றுவது பெருந்தவறு. இந்த உப்பு மழையில் கரைந்துவிடும் ஆகையால் கூரைக்குக் கீழ் வரும் வேலைக்கு மட்டுமே இது பொருந்தும்.

பதப்படுத்திய பின் நிழலில் நிமிர்த்திச் சாத்தி ஒன்றிரண்டு மாதம் உலரவிட வேண்டும். சுவர் தடித்த இந்த இனத்தைக் கச்சான் வெயிலில் போட்டால் 'படார்' என்று வெடித்து நெடுகப் பிளந்துவிடும்.

நம் பகுதியில் இதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

முதலாவது, கொட்டில், வாடி, பட்டி, களஞ்சியம் ஆகியவற்றின் தூணும் உத்தரமும். அடித்தடியின் முதல் இருபது அடி தூணுக்கு, நடுப்பகுதி வளைக்கு, நுனி கைமரத்துக்கு என்று ஒரே தடியைப் பிரித்துக்கொள்ளலாம். தூணை மண்ணில் புதைக்காமல், ஓர் அடி உயரச் சீமெந்துப் பீடத்தின் மேல் நிறுத்தி, தாழ்வாரத்தை நீட்டி இறக்கினால் ஆயுள் பல மடங்காகும். ஆணி அடித்தால் பிளக்கும். துளைத்து போல்ட்டு பூட்டி, அந்தக் கணுவிடைக்குள் சீமெந்துக் கலவை நிரப்புவது பாதுகாப்பு.

இரண்டாவது, பந்தல். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்குமுன் போடும் பெரும்பந்தலுக்கு, நீண்டும் நேராகவும் உள்ள தடிகள் எவ்வளவு தேவை என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். காட்டுக்கம்பு வெட்டுவதற்குப் பதில், கோயில் காணியிலேயே இரண்டு புதர் இருந்தால் போதும். ஒரே தடிகளைக் கழற்றிக் காயவைத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

நெடுக இரண்டாகப் பிளந்து தடுப்புகளை நீக்கினால் அகன்ற பீலி கிடைக்கும். கூரைத்தண்ணீரை ஏந்தவும், நாற்றுமேடைக்கு நீர் கொண்டுசெல்லவும் நன்று. ஒரு கணுவிடையை அறுத்தாலே வாளி, பூச்சாடி, நாற்றுத்தொட்டி. இதன் தாயகத்தில் தண்ணீர் சுமக்கும் கலமாக இதையே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். வெட்டிப் பிளந்து விரித்தால் தட்டியும் பரணும் ஆகும். காற்றடைத்த கணுவிடைகள் மிதக்கும் என்பதால் குளத்தில் தெப்பம் கட்டலாம். வாவியின் உவர்நீரில் துளைபுழு விரைவில் கெடுத்துவிடும். தோணி தள்ளும் கோலுக்கு இது பாரம் கூடியது, சிறிய மூங்கிலே சரி.

எரிக்கும்போது கணுக்களை உடைத்துவிட்டே அடுப்பில் வையுங்கள். மூடிய கணுவிடை சூடேறி வெடிக்கும்.

கொங்கிறீற்றில் கம்பிக்குப் பதிலாக இதை வைக்கலாமா?

வீட்டுத் தட்டுக்கோ, உத்தரத்துக்கோ ஒருபோதும் வேண்டாம். நாரின் இழுவிசை வலிமை உயர்ந்ததுதான்; ஆனால் ஈரக் கலவையில் மூங்கில் ஊதி, பின் உலர்ந்து சுருங்கி, கொங்கிறீற்றோடு கொண்ட பிடியை இழந்துவிடும். உள்ளே அது உக்குவதை வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது.

முளையை உண்ணலாமா?

உண்ணலாம், ஆனால் பச்சையாக ஒருபோதும் கூடாது. மூங்கில் முளையில் சயனைட்டை வெளிவிடும் பொருள் உண்டு. மடலை உரித்து, மெல்லியதாக நறுக்கி, மூடாத பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு மீண்டும் ஒருமுறை அவித்தெடுக்க வேண்டும். அதன் பின் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கினால் சுவையாக இருக்கும். நமது சமையலில் இது வழக்கமில்லை. முளை ஒன்றை உண்பது ஒரு தடியை இழப்பது என்பதால், நெருக்கத்தைக் குறைக்க எடுக்கும் முளைகளை மட்டும் சமையுங்கள்.

ஆற்றங்கரை அரிப்பைத் தடுக்குமா?

மேல்மண்ணை நன்றாகப் பிடிக்கும். ஆனால் வேர் ஆழமாக இறங்காது. வெள்ளம் கரையின் அடியைக் குடைந்துவிட்டால் பாரமான புதர் கரையோடு சேர்ந்து ஆற்றில் சரியும். எனவே விளிம்பிலிருந்து சற்று உள்ளே நட்டு, விளிம்பில் மருது, நாணல் போன்றவற்றை விடுவது நல்லது. குளக்கட்டின் மேல் எக்காரணம் கொண்டும் நடக் கூடாது. வேர் செத்து உக்கிய வழியே நீர் கசியும். ஆற்றோர ஒதுக்கு நிலம் அரச காணி. பிரதேச செயலகத்தில் கேட்காமல் நடவும் வெட்டவும் முனையாதீர்கள்.

காகிதம் செய்யலாமா? புல்லாங்குழல்?

மூங்கில் நல்ல காகிதக்கூழ் தரும். இந்தியாவின் ஆலைகள் பல அதை நம்பியே வளர்ந்தன. நமது வாழைச்சேனை ஆலையோ வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கப்பட்டது. சில புதர்களை வைத்திருப்பவருக்கு இது வருமானம் தரும் வழியன்று. புல்லாங்குழலுக்கு மெல்லிய சுவருள்ள சிறு மூங்கில் வேண்டும்; இது உதவாது.

மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்கிறார்களே?

அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. இந்தியாவின் வடகிழக்கே உள்ள மிசோரத்தில் வேறோர் இன மூங்கில் காடு காடாக ஒரே காலத்தில் பூத்துக் காய்த்தபோது, விதையைத் தின்று எலிகள் பெருகி, பின்னர் வயலையும் களஞ்சியத்தையும் அழித்து 1959இல் பெரும் பஞ்சம் உண்டானது. அங்கே மலைமலையாக அதே மூங்கில் நின்றது. இங்கே ஓரிரு புதர் பூப்பதால் அப்படி ஒன்றும் நேராது. இராட்சத மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். பூத்த புதர் பெரும்பாலும் பட்டுப்போகும். இலை உதிர்ந்து கிளை நுனியெல்லாம் கதிர் தெரிந்தால், முதிர்ந்த தடிகளை உடனே வெட்டிப் பதப்படுத்துங்கள். விதை கிடைத்தால் சேமித்து வைக்காமல் அந்த மாதத்திலேயே நாற்றுமேடையில் விதையுங்கள். அதன் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும்.